பாயான் பாரு கல்யாணத்துக்கு வாழையிலை

கம்போங் பெலிம்பிங்,
தாசேக் கெலுகோர்.
9 மார்ச் 2025

அன்புள்ள ருக்குமணி அண்ணிக்கு,

துளசி எழுதுவது. இங்கே நாங்களும் வாழைகளும் சுகம். அங்கே அண்ணன் சுகமா, உங்கள் முழங்கால் சுகமா, அதைவிட முக்கியமாக மாவரைக்கிற கிரைண்டர் சுகமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன வாரம் எங்கள் கோயில் செயலாளர் முனுசாமியைப் பற்றி உங்களிடம் ரெண்டு வார்த்தை சொன்னேன். உங்கள் கையெல்லாம் மாவு, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். அந்த நேரம் உங்கள் கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டவர் முனுசாமியின் சொந்த மச்சான். அதிலிருந்து கோயிலில் எனக்குப் பிரசாதம் கடைசியாகத்தான் வருகிறது. ஆகவே இனி எல்லாம் காகிதத்தில்தான். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் பாயான் பாருவுக்கு ஆள் ஏற்றிப் போகிறார், ஃபேக்டரி கேட்டில் நிற்கிற அண்ணனிடம் உங்கள் கடை இலைக்கட்டைக் கொடுக்கிறார். அந்தக் கட்டுக்குள் கடிதமும் வரும்.

விஷயம் இதுதான். நெடுஞ்சாலைக்காரர்கள் எங்கள் பக்கம் ஒரு ஆர் என் ஆர் கட்டப்போகிறார்கள். காரை நிறுத்தி, காலை நீட்டி, கழிவறைக்குப் போய், நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதை என் வாழைத்தோப்பின் மேல் கட்டுகிறார்களாம்! தோப்பு அரசாங்க நிலம், வருஷா வருஷம் உரிமம் புதுப்பித்துத்தான் பயிர் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். கம்பத்து ஜனங்கள் ஊராக ஒன்றுசேர்ந்து எதிர்ப்புச் சொன்னால் மட்டும் வேறு இடம் பார்ப்பார்களாம். உடனே எதிர்ப்புக் குழு போட்டுவிட்டோம். தலைவி யார் தெரியுமா? நான்தான்.

தோப்பு போனால் உங்கள் கடைக்கும் இலை போச்சு. பிறகு சாம்பாரைப் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.
உங்கள் நாத்தனார்,
துளசி

ஜார்ஜ்டவுன்,
15 மார்ச் 2025

தலைவி அம்மாள் துளசிக்கு,

அண்ணியின் ஆசீர்வாதம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. கிரைண்டர் நலம். உன் அண்ணன் அதைவிட நலம், ஏனென்றால் கிரைண்டர் வேலையாவது செய்கிறது.

உன் குழுச் செய்தி கேட்டு இவர் ஒரு மணி நேரம் சிரித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று எதிர்ப்புக் குழு நடத்தியவளாமே நீ.

இங்கேயும் ஒரு செய்தி. நம் கடை இருக்கிற கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஓட்டல் கட்டுகிறாராம், வெள்ளைக்காரர்கள் வந்து பழைய ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தூங்குவதற்கு. வருஷக் கடைசிக்குள், கட்டடத்து முன் நடையில் நாம் கடை போட்டிருக்கிற அஞ்சடியைக் காலி செய்துவிட வேண்டும். டவுனுக்குள் வேறு இடம் விசாரித்தேன். வாடகையைச் சொன்னதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இருபது வருஷமாக நின்ற இடம், துளசி. வருத்தமாகத்தான் இருக்கிறது.

அது கிடக்கட்டும். அந்த ஆர் என் ஆரில் எத்தனை கடை வருமாம்? சும்மாதான் கேட்கிறேன்.

சுகுமாரன் தம்பியைப் பஸ்ஸை மெதுவாக ஓட்டச் சொல். இலை கிழிகிறது.

அன்புடன்,
ருக்குமணி

கம்போங் பெலிம்பிங்,
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் சுகம். கடை போகிற செய்தி கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே வந்துவிடுங்கள் அண்ணி. தோப்போரமாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம். தோப்பு இருந்தால்.

போராட்டம் அமோகம். முனுசாமி தன் செலவில் பேனர் அடித்துத் தருகிறேன் என்றார், சரி என்றோம். வந்து பார்த்தால் பேனர் முழுக்க அவர் முகம். ‘ஆர் என் ஆர் வேண்டாம்’ என்பது மீசைக்குக் கீழே பொடி எழுத்தில். சாலையில் போகிறவர்கள் தேர்தல் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

ஆனால் கம்பத்தில் பாதிப்பேர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்குமே என்ற ஆசை. என்னிடம் ‘நீ சொல்றது சரிதான்லா’ என்கிறார்கள், கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் தலையைச் சொறிகிறார்கள்.

எத்தனை கடை என்று எனக்கு எதற்கு? என் தோப்பின் மேல் எவன் கடை போட்டாலும் அவன் அடுப்பு பற்றாமல் போகட்டும்.

அண்ணனுக்கு என் அன்பு.
துளசி

ஜார்ஜ்டவுன்,
28 ஏப்ரல் 2025

அன்பு துளசிக்கு,

இங்கு நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

அடுப்பைச் சபிக்காதே. அடுப்புக்கு என்ன தெரியும்?

ஒரு உதவி. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பாயான் பாருவில் ஒரு கல்யாணச் சாப்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெரிய கல்யாணம். பெண் வீட்டார் நம்மவர்கள்தான். மாப்பிள்ளை வீட்டாரும் நம்மவர்கள்தான். மாப்பிள்ளைக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை. பெண் நல்ல உயரம். வழக்கமாக வருகிற கட்டோடு இன்னும் ஐந்து கட்டு நல்ல தலைவாழை இலையாக அனுப்பு. நீ எப்போதும் செய்கிறமாதிரி பின்பக்க நரம்பைச் சீவிவிடு. அப்படிச் சீவினால்தான் இலை மேசையில் படிந்து உட்காருகிறது, வேறு யாருக்கும் அது வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் பேனர் பிடித்துக்கொண்டு நிற்காதே.

ருக்குமணி

கம்போங் பெலிம்பிங்,
12 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், சுகம், எல்லாரும் பரம சுகம்! கல்யாணச் சாப்பாடு எப்படி நடந்தது? அதே சனிக்கிழமை இங்கே நடந்ததை உட்கார்ந்து படியுங்கள், முழங்கால் வலி மறந்துவிடும்.

நெடுஞ்சாலைக்காரர்கள் எங்கள் பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம் போட்டார்கள். ரொஸ்னா என்று ஒரு அதிகாரி, மரியாதையான பெண். படம் காட்டினார். கடைசியில் ‘எதிர்ப்பு இருப்பவர்கள் கை தூக்குங்கள்’ என்றார். நான் தூக்கினேன், முனுசாமி தூக்கினார். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஏனென்றால் பின்பக்கத்திலிருந்து சாப்பாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது! வாழையிலைச் சாப்பாடு போட்டு ஆளை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். சோறு போடுகிறவன் முன்னால் எப்படி வேண்டாம் என்பது?

எனக்கு வந்ததே கோபம். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னேன். “கைதான் தூக்க வெக்கமா இருக்கு. இலையை மடிக்க என்ன வெக்கம்? எழவு வீட்டுல மடிக்கிற மாதிரி அந்தப் பக்கமா மடிச்சிட்டு எழுந்திரு.” அது பந்தி முழுக்க ஓடிவிட்டது. நான் முதலில் மடித்தேன், எனக்கு எதிர்ப்பக்கமாக. பிறகு எல்லாரும். ஒருவர் விடாமல்! ரொஸ்னா நடந்து வந்து பார்த்தார், அண்ணி. முகம் வெளிறிவிட்டது. வெற்றி!

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு அநியாயம். ரசத்தில் அசாம் லக்சா நூடுல்ஸுக்குப் போடுகிற புங்கா கந்தான் பூ வாசம்! அது உங்கள் ரசம் அல்லவா? யாரோ கடையில் வந்து குடித்துவிட்டுத் திருடியிருக்கிறார்கள். இலை நரம்பைக்கூட நம்மைப் போலவே சீவியிருந்தார்கள். கேஸ் போடுங்கள்.

பரிமாறியது டீ சட்டை போட்ட பையன்கள். சமைத்த ஆள் வேனைவிட்டு வெளியே வரவே இல்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

உடனே பதில் போடவும்.
வெற்றிக் களிப்பில்,
துளசி

கம்போங் பெலிம்பிங்,
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? நிஜமாகவே கேட்கிறேன். இலைக்கட்டு தினமும் போகிறது, பதில் மட்டும் வரவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து ‘அவள் குளிக்கிறாள்’ என்கிறார். காலையில் செய்தாலும் குளியல், சாயங்காலம் செய்தாலும் குளியல். இவர் சொல்கிறார், கேட்டில் அண்ணன் இலையை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறாராம்.

கடையை நினைத்துக் கவலையா? நான் ஏதும் தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திட்டுவதானாலும் காகிதத்தில் திட்டி அனுப்புங்கள்.

துளசி

கம்போங் பெலிம்பிங்,
16 ஜூன் 2025

அண்ணி,

இன்று ரொஸ்னா கம்பத்துக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். “அந்தச் சமையல்காரம்மாவை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம் புவான். தஞ்சோங்குல இருந்து வந்தவங்க. ஆர் என் ஆர்ல கடை கேட்டிருந்தாங்க. பாவம், வேன்ல உக்காந்து அழுதாங்க” என்றார். தஞ்சோங் என்றால் உங்கள் ஜார்ஜ்டவுன்தானே.

பாயான் பாரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயர் என்ன?

துளசி

ஜார்ஜ்டவுன்,
18 ஜூன் 2025

துளசிக்கு,

மாப்பிள்ளையும் இல்லை, உயரமான பெண்ணும் இல்லை. கல்யாணமே இல்லை.

ஆர் என் ஆரில் ஒரு கடைக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வேளை சமைத்துக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் அலுவலகத்து ஆட்களுக்கு என்றுதான் நினைத்தேன். உங்கள் கம்பத்து மண்டபத்தில் என்று முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள். அதற்குள் பருப்பு ஊறிவிட்டது. ஊறிய பருப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன் தோப்பை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு உன் இலையிலேயே சமைத்துப் போட்டேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அடுப்பைச் சபித்த பிறகு வாய் வரவில்லை.

வேனின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ரசத்தை ரெண்டு தடவை கையில் வாங்கிக் குடித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பக்கமாக மடித்தாய். கடை போனால் போகிறது துளசி, வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மடித்தது நீ. அதுதான் தாங்கவில்லை.

நீ எதற்காக மடித்தாய் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் கோபம் போகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் குளித்துக்கொண்டே இருந்தேன்.

ருக்குமணி

கம்போங் பெலிம்பிங்,
7 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கும் கோபம் வந்தது. என் இலையில், எனக்கு எதிராக! தோப்புக்குள் போய் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த சருகை வெட்டித் தள்ளினேன். சாயங்காலம் பசித்தது. உங்கள் ரசம் ஞாபகம் வந்தது. அதோடு கோபம் முடிந்தது. அழுகை வந்தது.

மறுநாள் பட்டர்வொர்த்தில் இருக்கும் ரொஸ்னாவின் அலுவலகத்துக்குப் போனேன். “இலையை மடிச்சது உங்களை எதிர்த்து. சாப்பாட்டை எதிர்த்து இல்ல. அந்த மாதிரிச் சாப்பாடு நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல” என்றேன். ரொஸ்னா ஒரு ஃபைலை எடுத்துத் திறந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “புவான், எனக்கு உங்க இலைப் பழக்கம் தெரியும். அந்தப் பக்கம் மடிச்சா சாப்பாடு சரியில்லன்னு அர்த்தம். அப்படித்தான் மேலதிகாரிங்ககிட்ட சொல்லிட்டேன். சாப்பாடு மோசம், திட்டத்துக்கு எதிர்ப்பு ரெண்டே பேர்!”

கேட்டீர்களா அண்ணி! நாங்கள் வெற்றி வெற்றி என்று குதித்ததெல்லாம் சமையல் புகாராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்களும் போனீர்கள், என் தோப்பும் போகிறது. ஒரே மடிப்பில் ரெண்டும்.

நான் விடவில்லை. “அப்போ அத்தனை இலையையும் எங்க பக்கம் எழுதுங்க” என்றேன். ஊர்க்காரர்களே வந்து சொன்னால் எழுதுகிறேன் என்றார். குழுவைக் கூட்டினேன். சமைத்தது என் அண்ணி என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். முனுசாமி எழுந்து, தலைவி வீட்டிலேயே கம்பெனிக்கு ஆளா என்று கத்தினார். “ஆமா, என் அண்ணிதான். அவங்க ரசத்தை நாலு கப் குடிச்சது யாரு?” என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு ஆச்சரியம் நடந்தது. கையைத் தூக்க வெட்கப்பட்டவர்கள் எல்லாம் ஒரு சமையல்காரம்மாவின் பிழைப்பு நம்மால் போச்சே என்று இவர் பஸ்ஸில் ஏறி பட்டர்வொர்த் வந்தார்கள். ‘சாப்பாடு நல்லா இருந்திச்சி, திட்டம்தான் நல்லா இல்ல’ என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரொஸ்னாவுக்கு எழுதி எழுதிக் கை வலித்துப்போயிற்று.

இனி என்ன ஆகும் என்று தெரியாது. உங்கள் பெயரை மீண்டும் சேர்த்துவிட்டார்கள். அது நிச்சயம்.

துளசி

ஜார்ஜ்டவுன்,
25 ஜூலை 2025

அன்பு துளசிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் அண்ணன் மறுபடி கேட்டில் சுகுமாரன் தம்பியின் முகத்தைப் பார்க்கிறாராம், கேள்விப்பட்டேன்.

உன் கடிதத்தை அஞ்சடியில் வைத்தே படித்தேன். முனுசாமி நாலு கப் என்ற இடத்தில் சிரித்ததில் தோசை தீய்ந்துபோயிற்று. பிறகு அழுதேன். நீ எனக்காகப் போய் நின்றதை நான் மறக்கமாட்டேன்.

நானும் ரொஸ்னாவுக்குப் போன் செய்தேன். “தோப்பு மேல கட்டுறதா இருந்தா எனக்குக் கடை வேணாம்லா. வேற எடத்துல கட்டுனா கூப்பிடுங்க, வந்து சமைக்கிறேன்” என்றேன். உன் அண்ணன் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். இலை வளருகிற இடத்தைப் புதைத்துவிட்டு அதன்மேல் நான் எதில் பரிமாறுவது? முழங்கால்தான் பலவீனம், முதுகெலும்பு இன்னும் நன்றாக இருக்கிறது.

கடவுள் விட்ட வழி. ஸ்பீக்கரில் போடமாட்டேன், இனி போனும் செய்யலாம்.

அன்புடன்,
ருக்குமணி

கம்போங் பெலிம்பிங்,
9 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம், தோப்பு சுகம். ஆமாம் அண்ணி, தோப்பு சுகம்!

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. கட்டுக்குள் வைத்து அனுப்பினால்தான் சரி. ஆர் என் ஆர் தெற்கே பழைய மணல் குழி இருக்கிற தரிசுக்குப் போகிறது. அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, உடும்பு மட்டும்தான். பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். முனுசாமி நன்றி பேனர் அடிக்கப் போகிறார். யார் முகம் என்று கேட்காதீர்கள். ஆர் என் ஆர் அடுத்த வருஷம்தான் கட்டி முடியும் என்கிறார்கள். அதுவரைக்கும் நான் சொன்ன கொட்டகை தோப்போரமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. மறுக்காதீர்கள், கூரை போட்டாகிவிட்டது.

ரொஸ்னாவுக்கு ஒரு ஆசை. அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு, அதே அம்மா மறுபடி சமைக்க வேண்டுமாம். தீபாவளி கழிந்த பிறகு தேதி சொல்வார். எத்தனை கட்டு இலை வேண்டும் என்று எழுதுங்கள். இந்தத் தடவை பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் வேண்டாம்.

தீபாவளிக்கு முறுக்கோடு வருகிறோம்.
துளசி

ஜார்ஜ்டவுன்,
10 நவம்பர் 2025

அன்பு துளசிக்கு,

இங்கு நலம். சனிக்கிழமை நின்று சமைத்ததில் முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் மனசுக்கு ஒன்றும் இல்லை.

நீ பந்தியில் உட்கார்ந்திருந்ததால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தத் தடவை நான் வேனுக்குள் இருக்கவில்லை. புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நடு மண்டபத்தில் நின்றேன். ஒவ்வொரு இலையாக மடங்கிற்று, எல்லாம் அவரவர் பக்கமாக. ரொஸ்னா எனக்கு முன்னால் போய்ப் பார்த்துக்கொண்டே வந்தார். முனுசாமியிடம், “அப்போ இப்ப எல்லாருக்கும் திட்டம் சம்மதமா, பாங்?” என்று கேட்டார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “இல்லம்மா, ரசம் சம்மதம்” என்றார்.

கடைசி வரிசையில் உன் இலை மட்டும் மடிக்காமல் விரிந்து கிடந்தது. நீ தலையைத் தூக்கவே இல்லை. அந்த மே மாதத்து ஜன்னல் ஞாபகம் வந்துவிட்டது. கிட்டே வந்து நின்றேன். நீ நிமிர்ந்து, “என்ன அண்ணி பாக்குறீங்க? நான் இன்னும் முடிக்கல. ரசம் ஊத்துங்க” என்றாய்.

ஊற்றினேன். அதற்குள் ரொஸ்னா கூப்பிட்டார், போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் பையன்கள் இலைகளை எடுத்துவிட்டார்கள். உன் இலையை நான் பார்க்கவே இல்லை.

எந்தப் பக்கம் மடித்தாய் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளைக்கு வருகிற இலைக்கட்டுக்குள் அதை உன் கையால் எழுதிப் போடு.

அன்புடன்,
ருக்குமணி